வீசாத கை

நடக்கும்போது அப்பாவின் வலது கை வீசுவதில்லை என்று முதலில் கவனித்தது என் மனைவிதான். "மாமா ஏன் ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி நடக்குறாரு?" தோள்வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அடகு நகையை மீட்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்றார்கள். எட்டிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி, போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்து வெறும் புள்ளியாகக் கிடந்தது.

நரம்பு டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்தார். விரலைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார், உடம்பின் அசைவை மெல்ல முடக்கும் மூளை நோய். பிறகு, "வாசனை தெரியுதாய்யா?" என்று கேட்டார். காப்பி வாசனை போய் ஆறேழு வருடம் ஆகிறது. அதை யார் வியாதி என்று நினைத்தோம்? அடுத்த கேள்வி, "மருந்து அடிச்சிருக்கீங்களா?"

அடித்திருக்கிறாராவா! பெரம்பலூர் பக்கம் பருத்திக்காடு எங்களுக்கு. தொண்ணூறுகளில் காய்ப்புழு விழுந்தபோது வாரத்துக்கு ஒரு தடவை அடித்தார். முதுகில் பதினாறு லிட்டர் டேங்க். மூடி ஒழுகி பனியன் நனைந்து ஒட்டியிருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார். கடும் விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்ட மோனோகுரோட்டோபாஸ், அளவுக்கு டப்பா மூடி. சில சாயங்காலம் எச்சில் ஊறி, கண் மங்கி வருவார். "மருந்து ஏறிடுச்சு" என்று மோரைக் குடித்துப் படுத்துவிடுவார். நரம்பு தசைக்கு விடும் சேதியை உடனுக்குடன் அழிக்க ஒரு நொதி இருக்கிறது, அதை இந்த மருந்து முடக்கிவிடும் என்று இப்போதுதான் படித்தேன். மோர் என்ன செய்யும், பாவம்.

வரப்புக்கு அடித்த களைமருந்து பாராகுவாட்டின் கதை வேறு. 1982இல் கலிபோர்னியாவில் போலி ஹெராயின் ஏற்றிக்கொண்ட சில இளவட்டங்கள் திடீரென்று அசையமுடியாமல் உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் மூளையில் டோபமைன் என்ற, உடம்பை அசையவைக்கும் சேதியைச் சுரக்கும் செல்களைக் கொன்றிருந்தது. பார்க்கின்சனில் சாவதும் அதே செல்கள்தான். உடம்புக்குள் அது மாறி எடுக்கும் வடிவம் அச்சு அசல் பாராகுவாட்டின் சாயல். களைக்கொல்லிகள் மேல் சந்தேகம் விழுந்தது அதிலிருந்துதான். கை நடுங்கித் தெரியவரும்போது அந்தச் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்குமாம்.

"இதனாலதான்னு ஒரு ஆளைக் காட்டி அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சரி, நியாயம்தான். ஆனால் பிரான்சில் மருந்தடித்த விவசாயிக்கு இந்த நோய் வந்தால் 2012 முதல் அது தொழில்நோய். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'வயசாயிடுச்சு'.

இப்போது தம்பி அடிக்கிறான், பேட்டரி ஸ்பிரேயரில். கையுறை வாங்கிக் கொடுத்தேன். வண்டிப் பெட்டியில் பிரிக்காமலே கிடக்கிறது. அப்பா வரப்பில் உட்கார்ந்து, நடுங்கும் கையைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு, "காத்து மாறுதுடா, திரும்பி நில்லு" என்று கத்துகிறார். முன்போல் குரல் எழும்பவில்லை. மூன்றாவது சாலில் நிற்பவனுக்கு அது கேட்பதில்லை.