24 கியர் யாருக்கு?

நாற்பது வயசுக்கு மேல் முதல் சைக்கிள் வாங்கக் கிளம்பும் நண்பர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது கியரைப் பற்றித்தான். 21 போதுமா, 24 எடுக்கலாமா? நம் சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த ஆக உயரமான இடமே புக்கித் தீமா குன்று, அதுவே சுமார் 164 மீட்டர்தான். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் எட்டோ ஒன்பதோ இருந்தால் தாராளம். முன்னால் மூன்று என்றால் எந்த லீவரை எப்போது தட்டுவது என்று யோசிப்பதிலேயே புதிதாக ஓட்டுகிறவரின் கவனம் பாதையை விட்டுப் போய்விடும்.

கியரை விடுங்கள், முதலில் அளவைப் பாருங்கள். குறுக்குக் கம்பிக்கு இருபக்கமும் காலைப் போட்டுத் தரையில் ஊன்றி நின்றால் கம்பிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொன்றின் மீடியமும் ஒன்றல்ல, அதனால் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தாலும் முதல் சைக்கிளைக் கடையில் ஏறிப் பார்த்துத்தான் வாங்கணும் என்பது என் கட்சி. அப்புறம் சீட். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதியணும் என்று எல்லாரும் சீட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள், கொஞ்ச தூரத்திலேயே முட்டி வலி. பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்துப் பாருங்கள், கால் நேராக நீளணும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகணும், அவ்வளவுதான்.

முன்பக்கம் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், வைத்தது பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனால் விலை குறைந்த ஹைப்ரிட்டில் (சாலை சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ரகம்) வருவது வெறும் பாரம், மிதிக்கிற பலத்திலும் கொஞ்சத்தை அதுவே விழுங்கிவிடும். பூங்கா இணைப்புப் பாதைகள் வழவழவென்றுதான் இருக்கின்றன. பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த ரயில் காரிடாரின் சரளைக்கும் 38 மில்லிமீட்டர் டயர் போதும். காற்றழுத்தம் எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே போட்டிருக்கும், கல்லு மாதிரி அடிக்காமல் அந்த வரம்புக்குள் கொஞ்சம் குறைத்து வைத்தாலே குலுக்கல் பாதி அடங்கும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இங்கே மழை சொல்லிக்கொண்டா வருகிறது? சக்கர விளிம்பை, அதாவது ரிம்மைப் பிடிக்கிற பிரேக், ரிம் நனைந்துவிட்டால் பிடிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டைப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் என்றால் அந்தப் பயம் குறைவு. மட்கார்டும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதுகு நெடுக சேற்றுக்கோடு.

இன்னொன்று, கடையில் யாருக்கும் ஞாபகம் வராதது: சைக்கிள் வீட்டில் எங்கே நிற்கப் போகிறது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நிறுத்தினால் நடக்க 1.2 மீட்டர் வழி விடணும். வீட்டுக்குள்ளே என்றால் லிஃப்டில் பின்சக்கரத்தின் மேல் செங்குத்தாக நிமிர்த்தித்தான் கொண்டுபோகணும், அப்போதுதான் 11 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் வித்தியாசம் கையில் தெரியும். எம்ஆர்டி ரயிலில் மடக்குச் சைக்கிளுக்கு மட்டுமே இடம், ஹைப்ரிட்டோடு பாசிர் ரிஸ் வரை போய்க் கால் ஓய்ந்தால் ரயிலில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பட்ஜெட்டை முழுக்க சைக்கிளிலேயே கொட்டாமல் ஹெல்மெட்டுக்கும் நல்ல பூட்டுக்கும் முன் வெள்ளை, பின் சிவப்பு விளக்குக்கும் ஒதுக்குங்கள், சாலையில் இறங்கினால் ஹெல்மெட் கட்டாயம். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25, அதற்கு மேல் போகக்கூடாது. கடலோர ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓட்டுகிறவர்கள் செயின் எண்ணெயும் ஒரு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள், உப்புக்காற்றுக்குப் புது செயின், பழைய செயின் என்ற பேதமெல்லாம் கிடையாது.