மருந்த சொல்லாம நோய விக்கிற விளம்பரம்

டிவில இந்த விளம்பரத்த கவனிச்சிருப்பீங்க, மருந்து பேரே வராது, ஒரு அம்மா மாடிப்படில பாதில நின்னு முட்டிய புடிச்சுக்குவாங்க, பின்னாடி சோகமா வயலின், அப்புறம் "உங்க டாக்டர்கிட்ட பேசுங்க"ன்னு ஒரு குரல், கடைசி ரெண்டு செகண்ட் மூலைல எறும்பு சைஸ்ல கம்பெனி லோகோ. அவ்ளோதான்.

டாக்டர் எழுதித் தர்ற மருந்த பேர் சொல்லி, இன்னதுக்குன்னும் சொல்லி ஜனங்ககிட்ட விளம்பரம் பண்ண அமெரிக்காவும் நியூசிலாந்தும் விடுது, அமெரிக்கால 1997ல ரூல்ஸ தளர்த்தினாங்க பாருங்க, அதுலேர்ந்து டிவி பூரா அதான். மத்த பல நாட்டுல மருந்த சொல்லக்கூடாது ஆனா நோய சொல்லலாம், அதனால நோய விக்கிறாங்க! புதுசும் இல்ல, 1920கள்லயே லிஸ்டரின்ங்கிற வாய் கொப்பளிக்கிற மவுத்வாஷ விக்கிறவங்க வாய் நாத்தத்த பெரிய வியாதி ரேஞ்சுக்கு காட்டி பயமுறுத்தியே கல்லா கட்டுனாங்க.

எல்லாமே ஏமாத்துன்னு சொல்லல. உலக கை கழுவும் தினம் (அக்டோபர் 15) 2008ல தொடங்குனப்போ சோப்பு கம்பெனிங்களும் கூட இருந்தாங்க, சோப்பு வித்துச்சு சரி, ஆனா கை கழுவுனா வயித்துப்போக்கு குறையும்ங்கிறது நிஜம்தானே, எந்த சோப்பா இருந்தா என்ன.

உப்ப கொறைங்க, தெனம் நடங்கன்னு சொல்ல மட்டும் எந்த ஸ்பான்சரும் வர மாட்டாங்க, கவர்மெண்ட் போட்டாத்தான் உண்டு, அதுவும் எல்லாரும் தூங்குனப்புறம் வரும்.