வயிறு சுருங்கிய பிறகு: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் ஒரு சாப்பாட்டு நாட்குறிப்பு

மார்ச் 4 (1-ம் நாள்)

நேற்று, மார்ச் 3, அறுவை முடிந்தது என்று வைத்துக்கொண்டு இந்தக் குறிப்பு ஓடும். உங்கள் தேதி வேறாக இருக்கும். தேதிக்குப் பக்கத்தில் உள்ள நாள் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அறுவையில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு வகை; எதைச் செய்தவருக்கும் பெரும்பாலும் ஒரே பாதைதான். பிரியும் இடத்தில் தனியாகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் டாக்டர் கொடுத்த அட்டவணை இதிலிருந்து சில நாள் முன்பின் இருந்தால் அதன்படியே போங்கள்.

இன்றைக்கு ஒரே வேலை, தண்ணீர். மருந்து ஊற்றிக் குடிக்கும் 30 மில்லி குவளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. நாக்கு நனையும் அளவுக்கு ஒரு வாய், விழுங்கி, அது இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். ஒரு குவளைக்குக் கால் மணி நேரம். அப்படிப் போனால் மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர். முதல் ஓரிரு நாள் அந்த அளவை எட்ட முடியாது, எட்டவும் வேண்டாம். டிரிப்ஸ் அதற்காகத்தான் ஓடுகிறது. வீட்டுக்குப் போவதற்குள் அந்த வேகம் கைவந்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை ஒரு நீளக் குழாயாக ஸ்டேப்பிள் போட்டு மூடியிருக்கிறார்கள். பைபாஸில் மேல்பகுதியில் விட்டிருக்கும் சிறு பை சுமார் 30 மில்லிதான் கொள்ளும், ஒரு கோழி முட்டையின் கொள்ளளவுகூட இல்லை. தையல் போட்ட இடமெல்லாம் இப்போது வீங்கியிருக்கும். அவசரமாக விழுங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு நடுவே கல் மாதிரி நிற்பது அதனால்தான். பலருக்குக் குளிர்ந்த தண்ணீரைவிட வெதுவெதுப்பானது எளிதாக இறங்குகிறது. ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சோடா வகைகளும் வேண்டாம்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி இறங்காமல் நிற்பது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, வயிற்று வலியோடு இடது தோளிலும் வலி: இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். தையல் கசிவு இப்படித்தான் தலைகாட்டும்.

மார்ச் 8 (5-ம் நாள்)

எடை மெஷினில் ஏறியவர்களுக்கு இன்று அதிர்ச்சி. அறுவைக்கு முன் இருந்ததைவிட ஒன்றிரண்டு கிலோ கூடியிருக்கலாம். அத்தனையும் டிரிப்ஸில் ஏறிய நீர். நான்கைந்து நாளில் சிறுநீராகப் போய்விடும்.

இனி இரண்டாம் வாரம் முடியும்வரை கெட்டியில்லாத நீராகாரம்: பால், மோர், வடிகட்டிய சூப், புரதப் பவுடர் கலந்த பால். ஒரு நாளில் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், 80 கிராம்வரை போகலாம். 200 மில்லி பாலில் ஆறேழு கிராம் இருக்கிறது. ஒரு அளவுக்கரண்டி பவுடரில் 20 முதல் 25 கிராம். டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உறிஞ்சினால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். பால் குடித்ததும் வயிறு உப்பிப் பேதியானால் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) இல்லாத பாலுக்கு மாறுங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்றே டாக்டரிடம் பேசுங்கள். சாப்பாடு பத்தில் ஒரு பங்கான பிறகும் மருந்து பழையபடி இருந்தால் சர்க்கரையும் அழுத்தமும் விழுந்து தலை சுற்றும். பெரிய மாத்திரைகளைப் பொடிக்கலாமா என்றும் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

மார்ச் 19 (16-ம் நாள்)

முதல் முறையாகக் கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் உணவு. மசித்த முட்டை, கெட்டித் தயிர், அரைத்த மீன், குழைய வெந்த பருப்பு. எதுவானாலும் முள்கரண்டியால் அழுத்தினால் கட்டி தென்படக் கூடாது.

முட்டையையே எடுத்துக்கொள்வோம். ஒரு முட்டையைப் பால் சேர்த்துச் சிறு தீயில் ஈரம் போகாமல் கிளறி இறக்கி, மசித்து, அதில் இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் சிறு தட்டில் எடுத்து வையுங்கள். மீதியைக் கண்ணில் படாமல் மூடிவிடுங்கள். குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டியில் பாதி அளவு வாயில். வெறும் கூழானாலும் இருபது முறை மெல்லுங்கள். விழுங்கியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம். மூன்றாவது நான்காவது வாயில் ஏதோ ஒரு சின்ன அறிகுறி வரும். சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர், சிலருக்கு ஒரு பெருமூச்சு, சிலருக்கு மார்பெலும்புக்குக் கீழே லேசான அழுத்தம். போதும் என்று வயிறு சொல்லும் புதிய மொழி அது. பழைய "வயிறு நிறைந்தது" என்ற உணர்வுக்காகக் காத்திருந்தால் அதற்குள் வாந்தி வந்துவிடும். தட்டில் அரைக் கரண்டி மிச்சமிருந்தால் மிச்சமாகவே இருக்கட்டும். உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது மனசு ஒப்பாத காரியம். அவர்கள் எடுத்து வைக்கும்போதே ஒரு கரண்டியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

மார்ச் 25 (22-ம் நாள்)

எடை நின்றுவிட்டது. மூன்றாம் வாரத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நிற்கும். ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம். உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கும். முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கியதில் பெரும்பங்கு அந்த நீர்தான். இப்போது சாப்பாடு சற்றுக் கூடியதும் கொஞ்சம் கிளைகோஜன் திரும்புகிறது, நீரும் கூடவே திரும்புகிறது. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது, மெஷினில் அது மறைந்து போகிறது.

இதைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டை இன்னும் குறைப்பவர்கள்தான் எங்களுக்குக் கவலை. குறைக்கும்போது முதலில் போவது புரதம், அதோடு தசை. வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிவறை போய் வந்த பிறகு, ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். எடை நின்ற வாரத்திலும் டேப் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

ஏப்ரல் 2 (30-ம் நாள்)

இன்றைய குறிப்பை வீட்டில் உள்ளவர்களும் படிக்க வேண்டும். வாந்தி பற்றியது.

வேகமாகச் சாப்பிட்டதால் ஒரு நாள் ஒரு முறை வரும் வாந்தி வேறு. இரண்டு மூன்று நாளாக எது போனாலும் திரும்பி வருகிறது என்றால் அது வேறு. நேற்றுவரை இறங்கிய கூழ் இன்று இறங்கவில்லை, பிறகு தண்ணீரும் நிற்கவில்லை என்று படிப்படியாக மோசமானால், வயிற்றுப் பையைக் குடலோடு சேர்த்துத் தைத்த இணைப்பு சுருங்கியிருக்கலாம். பைபாஸில் இது முதல் மூன்று மாதங்களுக்குள் வருவது வழக்கம். என்டோஸ்கோபி, அதாவது வாய்வழியே விடும் கேமராக் குழாய் வழியாகப் பலூன் வைத்து விரித்துவிடுவார்கள்.

அதைவிட அவசரமானது தையமின், அதாவது பி1 வைட்டமின். உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. சாப்பாடும் குறைந்து வாந்தியும் சேர்ந்தால் அது தீர்ந்துபோய் மூளையையும் நரம்பையும் தாக்கும். நடை தள்ளாடுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கண் தன்னால் ஆடுவது, பேச்சில் குழப்பம், கால் மரத்துப்போவது: இவை வந்தபின் முழுதாகக் குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே தொடர் வாந்தியோடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எடைக்குறைப்பு அறுவை ஆகியிருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் ஊசி போட வேண்டும் என்பதை இரண்டாவது வாக்கியமாகச் சொல்லுங்கள். குளுக்கோஸைச் செரிக்கத் தையமின் செலவாகும். இருக்கும் கடைசித் துளியும் அதில் போய்விடும். இந்த இரண்டு வரியை ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்துக்கொண்டால் கூட வருபவர் எடுத்துக் காட்டலாம்.

ஏப்ரல் 20 (48-ம் நாள்)

கெட்டி உணவு தொடங்கியாயிற்று. சிக்கிக்கொள்பவை பெரும்பாலும் மூன்று: பிரெட், சோறு, உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி. பிரெட்டும் சோறும் எச்சிலோடு சேர்ந்து பசையாகின்றன; கறி நாராகத் திரண்டு நிற்கிறது. சிக்கினால் வாயில் நுரையாகச் சளி ஊறும், நெஞ்சு இறுகும். அப்போது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், அடைப்புக்கு மேல் தண்ணீரும் சேர்ந்து வலி கூடும். எழுந்து மெல்ல நடங்கள். இறங்கிவிடும், அல்லது மேலே வந்துவிடும். அன்று முழுவதும் நீராகாரம். சில மணி நேரமாகியும் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவமனைதான்.

தட்டில் வரிசை: முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் மாவுப் பண்டம். பட்டாணி அளவு துண்டு. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம்; அதற்கு மேல் இழுத்தால் கொறிப்பதாகிவிடும். சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். கூடவே குடித்தால் ஒன்று வயிறு வெடிப்பதுபோல நிறையும், இல்லையேல் உணவு கரைந்து சீக்கிரம் இறங்கி, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

மே 11 (69-ம் நாள்)

சத்து மாத்திரைகள். எடை நன்றாக இறங்குகிறது, உடம்பும் தெம்பாக இருக்கிறது என்று இவற்றை விடுவது இந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. இரைப்பை சுருங்கியதால் உடம்புக்கு வேண்டிய இரும்பும் கால்சியமும் குறைந்துவிடவில்லை. பைபாஸில் இரும்பையும் கால்சியத்தையும் உறிஞ்சும் முன்சிறுகுடலையே உணவு தாண்டிப் போகிறது.

காலை உணவுக்குப் பின் மல்டிவைட்டமினும் இரும்புச் சத்தும். மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் ஆனவர்களுக்கும் இரும்பு நாளுக்கு 45 முதல் 60 மி.கி. வேண்டும். காபி, டீ அப்போது கூடாது. கால்சியம் நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி., ஆனால் ஒரு தடவைக்கு 500 அல்லது 600-க்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது. மதியம், மாலை, இரவு என்று பிரியுங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி, இல்லாவிட்டால் ஒன்றையொன்று தடுக்கும். கால்சியம் சிட்ரேட்டாக வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், புதிய வயிற்றில் அது குறைவு. பி12 தினம் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி. வைட்டமின் டி பெரும்பாலோருக்கு 3,000 யூனிட்டில் தொடங்கும், ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து மாற்றுவார்கள். மிட்டாய் போல மெல்லும் (gummy) வைட்டமின் வகைகள் பலவற்றில் இரும்பே இருக்காது. லேபிளைப் படியுங்கள்.

ஜூன் 6 (95-ம் நாள்)

சீப்பில் கொத்தாக முடி. எடை வேகமாக இறங்கிய அதிர்ச்சியில் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போன முடிகள் இப்போது உதிர்கின்றன. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை கொட்டும், பிறகு முளைக்கும். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பின் இருப்பைக் காட்டுவது), துத்தநாகம், தைராய்டு பாருங்கள். புரதம் 60 கிராமைத் தொடுகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். விலையுயர்ந்த தலை எண்ணெய்க்கு இதில் வேலையில்லை.

ஜூலை 5 (124-ம் நாள்)

டம்பிங். பைபாஸ் ஆனவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். இனிப்பு பானமோ ஐஸ்கிரீமோ சிறுகுடலில் திடீரென்று கொட்டுகிறது. அந்த அடர்த்தியைக் கரைக்கக் குடல் ரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது. 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி, படுத்தே ஆக வேண்டும் என்ற களைப்பு. படுத்தால் அரை மணி நேரத்திலோ சற்றுக் கூடுதலாகவோ அடங்கும்.

பின்னால் வருவது இன்னொன்று, பெரும்பாலும் ஓராண்டு கடந்த பிறகு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, சிந்தனை மங்கும். ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை விழுந்துவிடுகிறது. குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்து எண்ணை எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறிய பிறகு கொஞ்சம் புரத உணவு. இனிப்பை மட்டும் தின்று விட்டுவிட்டால் அதே சுழல் மறுபடி தொடங்கும்.

செப்டம்பர் 3 (184-ம் நாள்)

ஆறு மாத ரத்தப் பரிசோதனை. வலது விலாவுக்குக் கீழே, கொழுப்பு சாப்பிட்ட பின் வலித்தால் ஸ்கேனும் சேர்த்து; வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரும். அதைத் தடுக்க அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை கொடுத்திருந்தால் வழக்கமான ஆறு மாதக் காலம் இத்தோடு முடிகிறது, டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

பைபாஸ் ஆனவர்கள் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, புகையும் கூடாது. இணைப்பில் புண் வரும். மது இப்போது பழைய அளவில் பாதியிலேயே ஏறும். கர்ப்பம் 12 முதல் 18 மாதம்வரை தள்ளிப்போக வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு முறையைப் பேசி முடிவு செய்யுங்கள்.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் இறங்கியதில் தசையும் நிறையப் போயிருக்கிறது. புரதத்தைக் கூட்டி, வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி.

மார்ச் 3 (ஓராண்டு)

120 கிலோவில் தொடங்கியவர் இன்று 84-லிருந்து 90-க்குள் இருப்பது சாதாரணம். மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அதிகம் குறைந்தார் என்ற ஒப்பீட்டை விடுங்கள். தொடங்கிய எடை, வயது, அறுவை வகை எல்லாம் வேறு.

பைபாஸ் ஆனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாப்பிட்ட பின் விட்டு விட்டு முறுக்கும் வயிற்று வலியை வாயு என்று தள்ளாதீர்கள். உள்ளே கொழுப்பு கரைந்து இடைவெளி விழுந்த இடத்தில் குடல் நழுவிச் சிக்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேன் தேவைப்படும், அவசர அறுவையும் தேவைப்படலாம்.

செப்டம்பர் 5 (ஒன்றரை ஆண்டு)

பசி திரும்பியிருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு கப் அளவு உள்ளே போகிறது. இங்கிருந்து சில கிலோ மேலே ஏறி நிற்பது எதிர்பார்த்ததுதான். குறைந்தபட்ச எடையிலிருந்து மூன்று கிலோ ஏறியதும் கவனியுங்கள், பத்தாகட்டும் என்று பொறுக்காதீர்கள்.

பெரும்பாலும் குற்றவாளி பெரிய சாப்பாடு அல்ல. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் போன்றவை வாயிலேயே கரைந்து வயிற்றில் நிற்காமல் வழுக்கி இறங்கும். எவ்வளவு போனாலும் அந்த "போதும்" அறிகுறி வராது. முட்டையும் மீனும் அவற்றைவிட அதிக நேரம் நிற்கும். ஏழு நாள், வாயில் போன ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். காபியில் போட்ட சர்க்கரை, சமைக்கும்போது ருசி பார்த்த கரண்டி, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தது எல்லாம் சேர்த்து. அதைத் திருத்தியும் எடை ஏறினால் வயிறு விரிந்திருக்கிறதா என்று என்டோஸ்கோபியில் பார்ப்பார்கள். இப்போது பசியைக் குறைக்கும் செமாக்ளுடைடு போன்ற ஊசி மருந்துகளும் இந்தக் கட்டத்தில் தரப்படுகின்றன. வெட்கப்பட்டு அந்த அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது ஏழு நாள் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள், டயட்டீஷியன் முதலில் கேட்பது அதைத்தான்.