பெலிகன் பேயின் ஜன்னலில்லா அறைகள்

கலிபோர்னியாவின் பெலிகன் பே சிறை 1989-இல் திறக்கப்பட்டது. அதன் தனிமைப் பிரிவு அறைகள் ஜன்னலே இல்லாமல் கட்டப்பட்டவை. கைதிகள் தினமும் 22 மணி நேரத்துக்கு மேல் உள்ளேதான் இருந்தார்கள். சாப்பாடும் கதவுத் துளை வழியாகத்தான். பகல் எது, இரவு எது என்று தெரியாததால் முதலில் தூக்கம் கெடும். பேச ஆளில்லாமல் கவனம் சிதறும், சின்னச் சத்தமும் தாங்காது, சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்கும். ஏற்கெனவே மனநோய் உள்ளவரை அங்கே அடைப்பது அப்பட்டமான கொடுமை.

15 நாளுக்கு மேல் தொடர்ந்து தனிமையில் வைக்கக் கூடாது என்கின்றன கைதிகளை நடத்துவது பற்றிய ஐநாவின் மண்டேலா விதிகள் (2015). அங்கோ பத்தாண்டு தாண்டியவர்களே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்! இதை எதிர்த்து 2013-இல் கலிபோர்னியா சிறைகளில் சுமார் 30,000 கைதிகள் உண்ணாவிரதத்தில் இறங்கினார்கள். தனிமைச் சிறையை எதிர்த்துக் கைதிகள் தொடுத்த வழக்கு 2015-இல் உடன்பாட்டில் முடிந்தது. தனிமையிலிருந்து வெளியே விட்டால் மட்டும் சரியாகிவிடாது. பலர் கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள். படிப்படியாகப் பழக்க வேண்டும், மனநல மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும்.