மரமும் எலும்பும் சேரும் இடம்

பார்பிக்யூவுக்கென்று கையால் செய்த கத்தியை எடுத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அலகைத்தான் முதலில் மெச்சுவார்கள். நான் கைப்பிடியைத் திருப்பி, மரமும் எலும்பும் சேரும் கோட்டின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். எங்கும் தட்டாமல் நகம் வழுக்கிச் சென்றால், செய்தவர் அவசரப்படவில்லை என்று பொருள். இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தது நானே செய்து கெடுத்த முதல் கத்தி.

அந்தக் கத்திக்கு, அலகை ஒட்டிய முன்பகுதியில் மாட்டுக் கால் எலும்பையும் அதன் பின்னால் கருங்காலியையும் வைத்து, எபோக்சி பசையால் ஒட்டி, பித்தளை ஆணி அடித்திருந்தேன். உப்புத்தாள் போட்டு முடித்த அன்று கண்ணாடிபோல் மின்னிய அந்த மூட்டில், சில மாதங்களிலேயே மயிரிழை போன்ற பிளவு தெரிந்தது. அதற்குள் இறைச்சிக் கொழுப்பு இறங்கிக் கறுத்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. முதலில் பசையைத்தான் திட்டினேன். பாவம், அதன்மேல் குற்றமே இல்லை.

மரம் ஈரத்தை வாங்கும்போது பருத்து, உலரும்போது சுருங்குகிறது. ஆனால் இழையின் நீளவாட்டில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை, குறுக்குவாட்டில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவு அசைகிறது. எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவே பக்கத்தில் இருக்கும் மரம் பருக்கிற ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் நடுவே நுண்ணிய படி ஒன்று எழுந்து, பசைப் படலத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நன்றாக உலராத கட்டையை நான் பயன்படுத்தியிருந்ததால் இந்த இழுபறி இன்னும் கூடிவிட்டது. போதாததற்கு, கொழுப்பு போகட்டும் என்று கொதிநீரில் கழுவிவந்தேன். எலும்பின் கனிமத்தைப் பிணைத்துவைக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்நீரில் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது கத்தியில் வரிசையை மாற்றினேன். நெருப்புக்கு அருகில் போகும் முன்பகுதிக்கு மரத்தைக் கொடுத்து, எலும்பை வால் பக்கத்துக்குத் தள்ளினேன். மரமும் சாதாரணமானதன்று; வெற்றிடத்தில் வைத்துத் துளைகளுக்குள் பிசின் ஏற்றி இறுக வைத்த கட்டை. இரண்டுக்கும் நடுவே சிவப்பு ஃபைபர் தகடு ஒன்றைச் செருகினேன். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரக் கோடு, எனக்கோ அசைவைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் மெத்தை. அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை முழு அகலத்தில் ஓடுவதால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனி ஆணியால் அந்த இரும்போடு பிணைக்க முடிந்தது.

எலும்பு வேலை அவ்வளவு இனிமையானதன்று. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கொழுப்பு எடுக்க வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் மஞ்சள் திட்டுகள் வெளிவரும். அரத்தால் ராவும்போது பல் மருத்துவரின் நாற்காலியில் மூக்கில் ஏறும் அதே வாடை எழும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசம் அணிந்து, ஈரம் தொட்டே தேய்க்கிறேன். அடர்ந்த வெளிச்சுவர் மட்டுமே கைப்பிடிக்கு உதவும்; உள்ளே இருக்கும் கடற்பஞ்சு போன்ற பகுதியைக் கழித்துவிட்டால், பெரிய எலும்பிலும் பயன்படும் கனம் சில மில்லிமீட்டர்தான். எலும்பில் குழி குழியாகச் செதுக்கியிருப்பதைப் பலர் வெறும் பூவேலை என்று நினைக்கிறார்கள். மான்கொம்பின் சொரசொரப்பைப் போலச் செய்யப்பட்டதுதான் அது, கொழுப்புக் கையில் வழுக்காமல் பிடிக்கவும் அது உதவுகிறது.

யானைத் தந்தம் என்னிடம் கிடையாது, வேண்டவும் வேண்டாம். அதன் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால், கட்டை வாங்கும்போது அதன் பூர்விகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறேன். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே எறிகிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் இந்தக் கத்தி போவதே இல்லை. மழைக்காலத்தில் மட்டும், சிவப்புக் கோட்டின் மேல் நகம் லேசாகத் தட்டுகிறது. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது.