சாத்தே குச்சியில் ஒரு நட்சத்திரம்

முதல் வருடம் கிறிஸ்துமஸ் பாடத்துக்கு நான் அச்செடுத்துக்கொண்டு போன தாளில் பனிமனிதன், கணப்பு அடுப்பு, தொங்கும் காலுறை, கலைமான் எல்லாம் இருந்தன. படத்தையும் சொல்லையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். வகுப்பில் இருந்த பதினாறு பேரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு தப்பும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் லாரி ஏறிப் போகிறவர்கள் கலைமானைப் பற்றி யாரிடம் பேசப் போகிறார்கள்? அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஞாயிறு மதியம் நடக்கிற ஆங்கில வகுப்பு எங்களுடையது. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஏழாம் நாள் தூக்கத்தை விட்டுக் கொடுத்து வருகிற தம்பிகள், அண்ணன்கள். அவர்களுடைய இரண்டு மணி நேரத்தை வீணாக்க எனக்கு உரிமை இல்லை.

மறு வருடம் வேறு மாதிரி செய்தேன். மாணவர்களில் நாகர்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர். காலையில் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டி முடித்த கோயில் அது. ஊரில் டிசம்பர் பிறந்தால் மூங்கிலைச் சீவி நட்சத்திரம் கட்டி, உள்ளே பல்பு போட்டு வாசலில் தொங்கவிடுவது தன் வேலைதான் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். “இந்த வாரம் நீங்கதான் வாத்தியார் தம்பி” என்றேன். மூங்கிலுக்கு எங்கே போவது? தேக்கா சந்தையில், இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சிக் கட்டு வாங்கினேன். ரப்பர் வளையம், வண்ணத்தாள், பசை. ஆளுக்குப் பத்துக் குச்சி.

விதி ஒன்றுதான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வாயால் மட்டும் சொல்ல வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். குச்சி ஒன்றின் மேலே போகவேண்டும், அடுத்ததன் கீழே நுழையவேண்டும். ‘ஓவர்’, ‘அண்டர்’ இரண்டையும் ஒரு மாதமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியும் பிடிபடாதவர்களுக்கு, குச்சி இடம் மாறிக் கோணிக்கொண்டு நின்றபோது புரிந்தது. “நோ, நோ, அண்டர்! நவ் ஹோல்ட். டை த கார்னர். ஸ்லோலி, ஸ்லோலி.” பாரந்தூக்கி வேலையில் தினமும் கேட்கிற சொற்கள் அவர் வாயில் கட்டளையாக வந்தன. எத்தனையோ வருடமாக அவர்களிடம் பிறர் சொல்லி வந்த வினைச்சொற்களை அன்று அவர் சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரத்தை முதுகோடு முதுகு சேர்த்து முனைகளைக் கட்டி, நடுவே சின்னத் துண்டுகளை நிறுத்தினால் உப்பி நிற்கும். பன்னிரண்டு நட்சத்திரம் நின்றது. நான்கு விழுந்துவிட்டது, விழுந்ததற்கான காரணத்தையும் ஆங்கிலத்திலேயே சொல்ல வைத்தேன்.

இலக்கணம் கொஞ்சம் உண்டு. டிசம்பரில், பண்டிகை நாளில், ராத்திரியில் என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலம் ‘இன் டிசம்பர்’, ‘ஆன் கிறிஸ்மஸ் டே’, ‘அட் நைட்’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. நம்மவர்கள் இடறுவது இங்கேதான், அறிவுக் குறைவால் அல்ல. உச்சரிப்பும் அப்படித்தான். தமிழில் ‘கிறிஸ்துமஸ்’ என்று ‘து’வை முழுசாகச் சொல்கிறோம். ஆங்கிலம் அந்த எழுத்தை எழுதிவிட்டு விழுங்கிவிடுகிறது. ‘லிசன்’, ‘விசில்’, ‘ஃபாசன்’ மூன்றிலும் அதே கதை. விசிலும், பாதுகாப்பு வாரைப் பூட்டுகிற ‘ஃபாசன்’னும் அவர்கள் தளத்தில் அன்றாடம் புழங்குபவை என்பதால் உடனே ஒட்டிக்கொண்டன.

ஆர்ச்சர்ட் ரோட்டு விளக்கலங்காரத்துக்கும் கூட்டிப் போனேன். 1984 முதல் நடக்கிறது. எங்கள் வகுப்பு இருக்கிற லிட்டில் இந்தியாவிலிருந்து, ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் பக்கத்துத் தோபி காட் ரயிலில் ஒரே நிறுத்தம்தான், ஆனாலும் மூன்று வருடமாக இங்கே இருந்தும் பார்த்ததில்லை என்றார்கள் பலர். அங்கே கொடுத்த வேலை, முன்பின் தெரியாத ஒருவரிடம் “குட் யூ டேக் எ ஃபோட்டோ ஆஃப் அஸ், ப்ளீஸ்?” என்று கேட்பது. கேட்ட எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வாழ்த்து அட்டை. லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல் 1843இல் அட்டை அச்சடித்தார். அச்சிட்டு விற்ற கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு அதுதான் தொடக்கம். எங்கள் வகுப்பில் நேர் எதிராகச் செய்தோம். அச்சடித்த வாழ்த்து கூடாது. தளத்தில் தினமும் பார்க்கிற, தமிழ் தெரியாத ஒருவருக்கு மூன்று வாக்கியம் எழுத வேண்டும். அதில் ஒன்று, அவர் நமக்குச் செய்த ஏதோவொன்றைச் சொல்ல வேண்டும். இறந்தகாலத்தைப் பழக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

அறந்தாங்கி அண்ணன் இருபத்தைந்து நிமிடம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்: “அக்கா, அன்னிக்குச் சொல்ல வாய் வரலைன்னு எப்படி எழுதுறது?” அவருடைய பிலிப்பீனோ பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒரு மழை நாளில் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்தே போயிருக்கிறார். இவர் ஆங்கிலம் வராமல் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். ‘யூ கேவ் மீ யுவர் அம்ப்ரெல்லா. ஐ டிட் நாட் சே தேங்க் யூ. தேங்க் யூ.’ இவ்வளவுதான் எழுதினார். ‘மெர்ரி கிறிஸ்மஸ்’ என்பதை மேலே சின்னதாகச் சேர்த்தார்.

அடுத்த ஞாயிறு அதே அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். பின்பக்கம் பதில் எழுதியிருந்தது. சேர்த்தெழுதிய கையெழுத்து, அவருக்குப் படிக்க முடியவில்லை. வகுப்பே கூடி எழுத்துக் கூட்டிப் படித்தோம். “நெக்ஸ்ட் ரெயின், வீ ஷேர்.”