இரண்டு 'நான்'

தொலைபேசியில் என் குரலும் அண்ணன் குரலும் ஒன்றுபோலவே இருக்கும். அவனிடம் சொல்ல வேண்டியதை அம்மா என்னிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அதனாலேயே லாரன்ஸ் கெர்ஸ்டாவின் மேல் எனக்கு ஒரு செல்லக் கோபம்.

கெர்ஸ்டா அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர். அங்கே 1940களில் உருவான ஸ்பெக்ட்ரோகிராஃப், 2.4 விநாடிப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டி, சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தை ஊசியால் கருக்கிப் படமாக்கும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், ஒலி வலுத்த இடத்தில் கருமை. அந்தப் படங்களை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று 1962இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதினார். கைரேகைக்கு ஆங்கிலத்தில் 'ஃபிங்கர்பிரிண்ட்' என்பதுபோல, அதற்கு 'வாய்ஸ்பிரிண்ட்' என்று பெயர். நூற்றுக்கு 99க்கும் மேல் சரியாக வந்ததாம்.

அவருடைய வாதம் அழகானது. தொண்டை, வாய், மூக்கு அறைகளின் அளவும், நாக்கையும் உதட்டையும் தாடையையும் அசைக்கும் பழக்கமும் சேர்ந்து இரண்டு பேருக்கு ஒன்றாக அமைவது அரிது. சரிதான். ஆனால் கைரேகையோடு ஏன் முடிச்சுப் போட்டார்? ரேகை காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாறுவதில்லையே!

ஒலியை இப்படிப் படமாக்கும் பிராட் என்ற இலவச மென்பொருளில், 'நான்' என்ற சொல்லைப் பதிந்து நானே பார்த்தேன். தூங்கி எழுந்ததும் ஒரு 'நான்', இரவில் களைத்துப்போய் ஒரு 'நான்', அண்ணனுடையது ஒன்று. 'ஆ'வின் கரும்பட்டைகளைப் பார்த்தால் என் இரவு 'நான்' அண்ணனுக்குத்தான் நெருக்கம். மூன்றே பதிவுகள், இதை ஆய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 1979இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும், நீதிமன்றத்தில் இந்த முறையை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும் என்றது.

பழைய தொலைபேசித் தடமோ ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் வழியிலேயே நின்றுவிடும். அதன் இரண்டு, மூன்று மடங்குகளாக வரும் எஞ்சிய அதிர்வுகளை வைத்துக் கேட்பவரின் மூளைதான் அதை இட்டு நிரப்புகிறது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

2001இல் பேச்சு ஆய்வாளர் ஜார்ஜ் டாடிங்டன் வேறு வழியில் போனார். குரலை விட்டுவிட்டு, ஒருவர் அடிக்கடி சொல்லும் சொற்களையும் சொல் இணைகளையும் எண்ணினார். அதிலும் ஆள் தெரிந்தது. அம்மாவும் இப்போது அதைத்தான் செய்கிறாள். "சொல்லும்மா" என்றால் நான். "என்னம்மா" என்றால் அவன்.